ஆண்டுக்கு ஒரு நாள் சாத்திய கதவு

சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கதவுகள் இருக்கின்றன என்பதே எங்களுக்கெல்லாம் ஆண்டுக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். ஒரு சனிக்கிழமை இரவு எல்லா வாசல்களையும் பூட்டிவிட்டு மறுநாள் இரவுதான் திறப்பார்கள். அதுவரை வக்கீல், ஊழியர், கட்சிக்காரர் யாருக்கும் உள்ளே இடமில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், நீதிமன்றம் இருக்கிற பாரிமுனையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் வக்கீல் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்த புதிதில், எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, கதைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னார்: "தம்பி, அடுத்தவன் நிலத்து வழியா நீ தடங்கலே இல்லாம வருஷக்கணக்கா நடந்தா, அந்த வழி உனக்குப் பாத்தியமாயிடும். ஈஸ்மெண்ட் ஆக்ட், 1882. அந்தப் பாத்தியம் ஜனங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் வருஷத்துக்கு ஒரு நாள் சாத்தி வைக்கிறாங்க."

அந்த ஒரு நாள் பூட்டிலேயே மற்ற நாட்களின் கதை முழுதும் அடங்கியிருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ராஜாஜி சாலைப் பக்கம் போகிறவர்கள், துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், பூக்கடையில் சரக்கு வாங்கித் திரும்புகிறவர்கள், பர்மா பஜாரில் பேரம் பேசிக் களைத்தவர்கள், மர நிழலுக்காக மட்டுமே உள்ளே நுழைகிறவர்கள் என்று எழுபதுகளின் கடைசியில் அந்த வளாகத்துக்குள் வழக்கு உள்ள ஜனத்தைவிட வழக்கே இல்லாத ஜனம்தான் அதிகம் நடமாடியதாக எனக்கு ஞாபகம். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. தலைக்கு மேல் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த, அன்றைய நானாகிய அந்தப் பையனை இன்று நினைத்துப் பார்க்கும்போது எனக்குப் புன்னகை வருகிறது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வருகிறது. அவன் பையில் அடையாள அட்டை இல்லை, கழுத்தில் பட்டை இல்லை, தன்னை யாராவது நிறுத்துவார்கள் என்ற நினைப்பே இல்லாமல் நாட்டின் மிகப் பழைய உயர் நீதிமன்றங்களில் ஒன்றுக்குள் நுழைந்து போனான்.

உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. நாம் பார்க்கிற செங்கல் சிவப்புக் கட்டடம் 1892 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் உச்சிக் குவிமாடம் 175 அடி உயரம். 1894 முதல் அதிலேயே கலங்கரை விளக்கம் எரிந்தது. வங்கக் கடலில் வருகிற கப்பல்காரனுக்குக் கரையைக் காட்டியது நீதிமன்றத்தின் விளக்குதான். நான் வந்து சேர்ந்தபோது அந்த விளக்கு மெரினாவுக்குக் குடிபோயிருந்தது, 1977-இல். ஆனாலும் பெரிய குமாஸ்தா தலைமுறைக்காரர்கள் பேச்சுவாக்கில் அதை 'லைட் ஹவுஸ்' என்றே சொல்வார்கள். வளாகத்துக்குள்ளேயே அதற்கும் முந்தைய 1844-ஆம் ஆண்டுக் கலங்கரைத் தூண் ஒன்று தனியாக நிற்கும். அதன் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு அது எந்த ஆண்டுத் தூண் என்ற கவலை கிடையாது. இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் சிலையை ஊர்க்காரர்கள் ஏதோ சாமி என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மனுநீதிச் சோழனுக்கும் அங்கே சிலை உண்டு. கன்றை இழந்த பசுவுக்கும் எட்டுகிற உயரத்தில் அரண்மனை வாசலில் மணி கட்டி வைத்தவன் அவன் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசல் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நாம் நீதியைப் பற்றிக் கேட்ட முதல் கதை.

காவல் என்று அந்த நாளில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். வளாகத்துக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. கோர்ட் ஹால் வாசலில் சிவப்புப் பட்டை மாட்டிய டவாலி நின்றார். நீதிபதி வரும்போது முன்னால் நடப்பதும், கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூவுவதும், உள்ளே குசுகுசுப்பவர்களைக் கண்ணாலேயே அடக்குவதும் அவர் வேலை. ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நிலத் தகராறில் செகண்ட் அப்பீலுக்காக வந்த பெரியவர் ஒருவர், இடுப்பில் சொருகிய வெற்றிலைச் சுருக்குப் பையும் அதிலிருந்து தலைநீட்டுகிற பாக்குவெட்டியுமாகக் கோர்ட் ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டவாலி குனிந்து, "ஐயா, உள்ள வெத்தல போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பாக்குவெட்டி இரும்பு என்பதோ, அதற்கு ஒரு விளிம்பு உண்டு என்பதோ அங்கிருந்த யார் மனத்திலும் படவில்லை. பெரியவர் வெளியே போய் நிதானமாகப் போட்டு, துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து தன் வழக்கு எடுக்கப்படுகிற வரை காத்திருந்தார்.

இப்படி உட்கார்ந்து கேட்பதுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஃபைலிங் கவுன்டரில் பேப்பரைக் கொடுத்து எஸ்.ஆர். நம்பர் வாங்கியாயிற்று, பேட்டா கட்டியாயிற்று, ரிட்டர்ன் ஆன கட்டுகளில் குறைகளைச் சரிசெய்து மறுபடி கொடுத்தாயிற்று என்றால், கிடைக்கிற அரை மணியில் ஏதாவது ஒரு கோர்ட்டில் போய் நிற்பேன். எங்கள் வழக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய வக்கீல் ஒருவர் குரலை உயர்த்தாமலே ஒரு வாதத்தைச் சுருள் சுருளாக விரிப்பதையும், நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பதையும், அந்தக் கேள்விக்குப் பின் ஹால் முழுதும் விழுகிற மௌனத்தையும் பார்த்து நின்றதில் கற்ற இங்கிலீஷும் சட்டமும்தான் எனக்குத் தெரிந்தவை. என் பக்கத்தில் கல்லூரி மாணவர்கள் நிற்பார்கள். மின்விசிறிக் காற்றுக்கு ஒதுங்கிய சேல்ஸ் ரெப்ரசன்டேட்டிவ் நிற்பார். பென்ஷன் வாங்கிக்கொண்டு பொழுதுபோகாமல் வந்த தாத்தா, வழக்கின் போக்கைப் பற்றி என்னிடம் மெதுவாக அபிப்பிராயம் சொல்வார். நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும் என்பது வெறும் பழக்கமில்லை, சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327-ஆம் பிரிவு. இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 366-ஆம் பிரிவு. சட்டம் சொன்னதை அந்தத் தாத்தா எந்தப் பிரிவும் படிக்காமல் தினமும் நடத்திக்காட்டினார்.

உங்கள் ஊரிலும் ஒரு முன்சீப் கோர்ட் இருந்திருக்கும். ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், மரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒருவர், ஸ்டாம்ப் வெண்டரின் மடக்கு மேஜை, தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் சாட்சிகள். வாய்தாவுக்கு வந்த இரண்டு பங்காளிகளும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கடையில் டீ குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிர் மரத்தடியில் உட்கார்ந்து, மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவார்கள். அந்த டீக்கடையிலேயே சமாதானமாகி, கோர்ட்டுக்குள் போய் ராஜி மனு போட்டவர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரிமுனையில் எங்களுக்கு மாலைச் சந்தோஷம் ஒன்று உண்டு: மறுநாள் காஸ் லிஸ்ட். அச்சடித்த அந்தக் கட்டை, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, நம் வக்கீல் பெயர் எந்தக் கோர்ட்டில் எந்த ஐட்டம் என்று சிவப்பு மையால் கோடு போட்டு, தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயில் வழியாகப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீடு திரும்புவது. இன்று அந்த லிஸ்ட் கைபேசியில் வந்துவிடுகிறது. எந்தக் கோர்ட்டில் எந்த ஐட்டம் ஓடுகிறது என்பதுகூட நொடிக்கு நொடி தெரிகிறது. நல்லதுதான். ஆனால் இரண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஒரே லிஸ்ட்டின் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு, "உங்க மேட்டர் எங்க மேட்டருக்கு முன்னாடி வருது, பாஸ் ஓவர் கேப்பீங்களா?" என்று பேசிவைத்துக்கொண்ட சிநேகம் அதில் வருவதில்லை.

பயம் அந்த வளாகத்துக்குப் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு வீசியபோது ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தது. மதில் பக்கம் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கல்வெட்டைப் படித்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு, கோர்ட்டுக்கு ஆபத்து என்றால் அது கடல் தாண்டி வருவது. உள்ளேயிருந்து வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 2008 நவம்பரில் வளாகத்தை ஒட்டிய சட்டக் கல்லூரியில் மாணவர்களே மாணவர்களை அடித்து வீழ்த்தியதைத் தமிழ்நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த மூன்று மாதத்தில், 2009 பிப்ரவரி 19 அன்று, போலீஸாரும் வக்கீல்களும் வளாகத்துக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். தடியடியில் வக்கீல்கள், ஊழியர்கள் மட்டுமல்லாமல் நீதிபதி ஒருவரும் காயப்பட்டார். அந்த உள் போலீஸ் ஸ்டேஷன் தீக்கிரையானது. ஒரு காலத்தில் டவாலியின் கண்ணசைவுக்கு அடங்கிய தாழ்வாரங்கள் அவை. யார் தொடங்கியது, யார் வரம்பு மீறியது என்று விசாரணைகள் நடந்தன, இன்றுவரை அந்த நாளை வக்கீல்கள் கறுப்பு நாளாக நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதில் மிஞ்சியது ஒரு துக்கம்: காவலர் உள்ளே நிற்கவும் வேண்டும், அவரை நம்பவும் முடியவில்லை என்ற நிலைக்கு ஒரு நீதிமன்றம் வந்துவிட்டது.

அந்தத் துக்கத்தின் தொடர்ச்சிதான் 2015. செப்டம்பரில், தமிழை உயர் நீதிமன்ற வழக்காடு மொழியாக்கக் கோரிய வக்கீல்கள் சிலர் தலைமை நீதிபதியின் கோர்ட் ஹாலுக்குள்ளேயே அமர்ந்து போராடினார்கள். கோரிக்கை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் கைகட்டி நின்ற எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு வராந்தாவில் மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். ஆனால் அதற்குப் பின் நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில், மத்திய தொழில் பாதுகாப்புப் படையைக் காவலுக்கு வரவழைக்க உத்தரவாயிற்று. விமான நிலையத்திலும் அணுமின் நிலையத்திலும் நிற்கிற அதே படை. நவம்பர் 16 முதல் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அவர்கள் நின்றார்கள். செலவு மாநில அரசுடையது. தொடக்கத்துக்கே 16 கோடி ரூபாய்க்கு மேல் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. குமாஸ்தாக்கள் கூடும் இடத்தில் அன்று எல்லோர் வாயிலும் அந்தத் தொகைதான். "இந்தக் காசுக்கு எத்தனை கோர்ட் கட்டலாம்?" என்றார் ஒருவர். "ஒரு உயிர் போனா அந்தக் கோர்ட்ல யார் வந்து உக்காருவாங்க?" என்றார் இன்னொருவர். இரண்டு கேள்வியும் நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றும் படுகிறது.

முதல் நாட்களில் வாசலில் வரிசை நின்றது. கறுப்புக் கோட்டுக்காரர்களைத் தடவிச் சோதிப்பதா என்று வக்கீல்கள் கொதித்தார்கள். நானோ என் பையிலிருந்த ஸ்டேப்ளர், ஊசி, நூல்கண்டு, துளையிடும் கருவி, டிபன் கேரியர் ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டியபோது, இத்தனை ஆண்டுகளாக எவ்வளவு பெரிய பட்டறையைச் சுமந்து வந்திருக்கிறோம் என்று முதல்முறையாக உணர்ந்தேன். எதிரே நின்ற ஜவான் என் மகன் வயதுடையவர், தமிழ் தெரியாது. கட்டு தைக்கிற ஊசியை உயர்த்திப் பார்த்து, அது எதற்கு என்று கண்ணால் கேட்டார். ஒரு கட்டைப் பிரித்து, நூல் ஓடுகிற துளைகளைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சில மாதங்களில் "பை வைங்க ஐயா", "போங்க ஐயா" என்று அவர் பேசத் தொடங்கிவிட்டார். வாசலில் ஒரு மனிதர் நின்றால், அவரோடு பழகிக்கொள்ள முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

பழையதைப் பற்றி உருகுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தத் திறந்த வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. ஜீவனாம்ச வழக்குக்காக வந்த பெண்கள், தங்களை அடித்த கணவனின் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்கிற அதே தாழ்வாரத்தைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். சாட்சி சொல்ல வந்த தாழ்த்தப்பட்ட கூலிக்காரர், யாருக்கு எதிராகச் சொல்ல வேண்டுமோ அவர் உட்கார்ந்திருக்கிற மரத்தடியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்வார். கூண்டில் ஏறிய பின் எதுவுமே ஞாபகமில்லை என்பார். மரத்தடி எங்களுக்கு நிழல், அவருக்கு மிரட்டல். கோர்ட் வாசலில் காவல் இல்லாதது சுதந்திரம் என்று நான் எண்ணிய அதே நாட்களில், காவல் இல்லாததால் வாயைத் திறக்க முடியாமல் போனவர்கள் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

ஆகவே பாதுகாப்புக்குச் செலவழிக்கிற பணத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2023 மார்ச்சில் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு பெண் மீது அவர் கணவரே அமிலத்தை வீசினார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. 2024 டிசம்பர் 20 காலையில் திருநெல்வேலி நீதிமன்ற வாசலில், வழக்குக்காக வந்த இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் துப்பாக்கி ஏந்திய காவலர்களை நிறுத்த உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் இப்படி என்றும் இல்லை. 2021 செப்டம்பரில் டெல்லி ரோகிணி நீதிமன்றத்தில், வக்கீல் உடையில் வந்தவர்கள் கோர்ட் ஹாலுக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் உயர் நீதிமன்றமும் உள்துறையும் காவல்துறையும் சேர்ந்து நீதிமன்றப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும், நிரந்தரக் காவல் பிரிவுகள் வேண்டும், கேமராக்கள் வேண்டும், பைகளைச் சோதிக்கும் கருவிகள் வேண்டும் என்று சொன்னது. பலவீனமான சாட்சிகள் எதிராளியின் முகத்தைப் பார்க்காமலே சாட்சியம் சொல்லத் தனி மையங்கள் வேண்டும் என்பதையும் அது வற்புறுத்தி வருகிறது. அன்று மரத்தடியைப் பார்த்துத் தலைகுனிந்த அந்தக் கூலிக்காரருக்கு அப்படி ஓர் அறை கிடைத்திருந்தால் அவர் வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்று நான் நினைக்காத நாளில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் குமாஸ்தா மூளை தேடாமல் விடாது. நீதிமன்றக் கட்டடங்களுக்கு 1993-94 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் இருக்கிறது; பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. கணினிமயத்துக்கு இ-கோர்ட்ஸ் திட்டம் தனி. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் ஒதுக்கியது 7,210 கோடி. வாசலில் நிற்கிற காவலரின் சம்பளம் மாநில போலீஸ் கணக்கு. ஆக, கட்டடம் ஒரு கணக்கில், கணினி ஒரு கணக்கில், காவலர் ஒரு கணக்கில். ஸ்கேனர் வாங்கப் பணம் கிடைத்துவிடும். வாங்கிய ஸ்கேனரை ஐந்தாம் ஆண்டில் பழுதுபார்க்க யார் கணக்கில் எழுதுவது என்பதில் கோப்பு நிற்கும். ஒரு மாவட்டத் தலைநகரில், ஊர்ப் பெயர் வேண்டாம், மெட்டல் டிடெக்டர் வளைவு ஒன்று மின் இணைப்பு இல்லாமல் வாசலில் நிற்கிறது. எல்லோரும் அதன் வழியாகவே குனிந்து நுழைகிறார்கள்; அது ஒலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஆபத்தானவருக்கும் தெரியும். அதே வாசலில், ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருக்கு அன்று வாய்தா. உள்ளே அவர் பெயரைக் கூவியிருப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை, உட்கார பெஞ்ச் இல்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஒரு ஜூனியர் வக்கீலைத் தேடிப் பிடித்து உள்ளே சொல்லி அனுப்பினேன். நிற்க வேண்டியவரை நிறுத்தாமல், வர வேண்டியவரை நிறுத்துகிற வாசலுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு நாக்கு எழவில்லை.

காலம் வேறு வழியிலும் மாறிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து, கோர்ட் காணொலிக்குப் போனது. சென்னைக்கு நூறு தடவை வந்துபோன கட்சிக்காரர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே தங்கள் வழக்கைப் பார்த்தார்கள். மதுரைக் கிளை 2004-இல் திறந்தபோது குமரி மாவட்டத்துக்காரருக்கு ஓர் இரவுப் பயணம் மிச்சமாயிற்று. காணொலி மிச்சப் பயணத்தையும் குறைத்தது. இ-ஃபைலிங் வந்த பின் கட்டு தைக்கிற ஊசிக்கு வேலை குறைவு. உயர் நீதிமன்றம் பெயரிலேயே மெட்ரோ நிலையம் வந்துவிட்டது. நான் ஓட்டமும் நடையுமாக வந்த பாரிமுனைக்குப் பூமிக்கடியில் குளிர்காற்றில் போய் இறங்குகிறார்கள் இன்றைய பிள்ளைகள். இதில் எதையும் திருப்பிக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். என் பேரப்பிள்ளை வயதுக் குமாஸ்தா ஒருவன் கைபேசியில் ஆர்டர் காப்பியை ஒரு நிமிடத்தில் இறக்கித் தரும்போது, காப்பி அப்ளிகேஷன் போட்டுவிட்டு வாரக்கணக்கில் நடந்த என் கால்கள் அவனை வாழ்த்துகின்றன. ஆனால் அவனிடம் ஒருநாள் கேட்டேன், ஏதாவது ஒரு கோர்ட்டில் சும்மா போய் நின்று கேட்டிருக்கிறாயா என்று. "நம்ம மேட்டர் இல்லாம எதுக்கு சார் உள்ள போகணும்?" என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி; அவன் வளர்ந்த வாசல் அவனுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. வேலை உள்ளவர் மட்டும் வருகிற இடமாக நீதிமன்றம் மாறிவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் குறைந்துவிடும். அந்தப் பென்ஷன் தாத்தாவின் கண்களும் நீதிபதிக்கும் வக்கீலுக்கும் போலீஸுக்கும் ஒரு காவலாகத்தான் இருந்தன; அந்தக் காவலுக்கு யாரும் ஒரு பைசா ஒதுக்கியதில்லை.

அதனால்தான், அடுத்த முறை ஏதாவது ஒரு மாவட்டத்தில் நீதிமன்றப் பாதுகாப்புக்கு மதிப்பீடு போட உட்காருகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஸ்கேனர் வாங்குங்கள், அதன் பராமரிப்புச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள். கேமரா வையுங்கள், அதைப் பார்க்கிற ஆளுக்கும் சம்பளம் எழுதுங்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலரும் திரையிட்ட இடமும் கட்டாயம் வேண்டும். சாட்சிகளுக்குத் தனி வாசலும் தனி அறையும் எழுதுங்கள், அது எதையும்விட முக்கியம். பிறகு அதே மதிப்பீட்டில், வேறு கணக்குக்குத் தள்ளிவிடாமல், வரிசை நிற்கிற இடத்துக்குக் கூரையும் பெஞ்சும் குடிதண்ணீரும் கழிப்பறையும் எழுதுங்கள். கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவரைப் போல, சோதனை முடிந்து வருகிறவரிடம் "எந்தக் கோர்ட்டுங்க, நம்பர் இருக்கா?" என்று கேட்டு வழிகாட்ட ஒருவரை நிறுத்துங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அதற்குச் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மேஜையை எங்கோ உள் அறையில் போடாமல் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே போடலாம். அடையாள அட்டை இல்லாமல் வருகிறவருக்கு அந்த மேஜையே சாட்சி சொல்லி உள்ளே அனுப்பலாம். வழக்கு இல்லாமல் வேடிக்கை பார்க்க வருகிறவருக்கும் அதே மேஜையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அவருக்கும் உள்ளே உட்காரப் பாத்தியம் உண்டு.

ஸ்கேனருக்கு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் நிற்கிறவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் கேட்பது இரண்டுதான்: உள்ளே மரியாதையோடு போக வேண்டும், வீட்டுக்குப் பயமில்லாமல் திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் கட்டிய வரிப்பணம் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டியது.